முத்து தேடி வந்த துரை: ஜேம்ஸ் ஹார்னெல்

தூண்டில் போட்டால் மீன் கடிக்கிறது. ஏன் கடிக்கிறது? முள்ளிலே இரை இருக்கிறது. மண்புழுவோ, இறாலோ, சிறு மீன் துண்டோ கோத்திருக்கும். பசித்த மீன் வந்து கவ்வும். இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

இரையே வைக்காமல் மீன் பிடிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு. சின்னஞ்சிறு முள்ளிலே பறவையின் இறகைச் சுற்றிப் பட்டு நூலால் கட்டுவார்கள். பார்த்தால் ஈயைப் போல இருக்கும். அதை ஆற்று நீரின்மேல் மெல்ல விழும்படி வீசுவார்கள். பூச்சி விழுந்துவிட்டது என்று எண்ணி மீன் பாய்ந்து கவ்வும். அவ்வளவுதான், முள்ளில் மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் இந்த ஈத் தூண்டில் ஒரு பெரிய கலை.

இந்தியாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் இந்தத் தூண்டிலையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்தவர். நம் நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் உள்ள பலவகை மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அது 1873-ல் மங்களூரில் அச்சாயிற்று. அதே தாமஸ், 1884-ல் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மீனில் தொடங்கிய ஆசை அவரை முத்து வரைக்கும் இழுத்து வந்தது.

அவருக்குப் பின் இன்னொரு வெள்ளைக்காரர் தூத்துக்குடிக்கு வந்தார். இவர் கதை நேர்மாறானது. முத்துக்காக வந்தார், மீனவரின் தூண்டிலிலும் வலையிலும் தோணியிலும் மனத்தைப் பறிகொடுத்தார். தாமஸ் தம்முடைய தூண்டிலை நம் நீரில் போட்டுப் பார்த்தவர். இவரோ மற்றவர்கள் போடும் தூண்டிலைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்.

அவர்தான் ஜேம்ஸ் ஹார்னெல்.

தீவிலே தொடங்கிய வாழ்க்கை

ஹார்னெல் 1865-ல் பிறந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலில் ஜெர்சி என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. அங்கே கடல் வற்றும்போது வெகு தூரத்துக்குப் பாறைகள் வெளியே தெரியும். நண்டு, நத்தை, சிப்பி, பாசி என்று எத்தனையோ உயிர்கள் அந்தப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

1890-களில் அந்தத் தீவில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் நடந்து வந்தது. ஜோசப் சினல் என்ற இயற்கை ஆராய்ச்சியாளரும் ஹார்னெலும் அதை நடத்தினார்கள். கடல் உயிர்களைச் சேகரித்துப் பதப்படுத்தி, பூதக்கண்ணாடியில் வைத்து ஆராய்வது ஹார்னெலின் வேலை. அதைப் பற்றி ஒரு பத்திரிகையும் வெளியிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரையும் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் அங்கே அவருக்கு ஏற்பட்டது. அந்தப் பழக்கமே பின்னால் அவரை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இலங்கையில் முத்துப் பஞ்சம்

மன்னார் வளைகுடாவில் இரண்டு பக்கமும் முத்து விளையும். இந்தியப் பக்கம் தூத்துக்குடிக் கரை. இலங்கைப் பக்கம் மன்னார்க் கரை. கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் "பார்" என்று பெயர். அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி ஒட்டி வளர்கிறது.

இலங்கையில் 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். சிப்பி இல்லை. குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றும். மறுமுறை போய்ப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். சர்க்காருக்கு வருமானம் போயிற்று. குளிகாரர்களுக்குப் பிழைப்பும் போயிற்று.

காரணம் கண்டுபிடிக்க 1902-ல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஹார்னெல். ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் இலங்கையிலேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 5 பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

இதற்குள் கடல் மனம் மாறியது. 1903-ல் மறுபடி முத்துக்குளிப்பு நடந்தது. 1905-ல் நடந்த முத்துக்குளிப்பு சரித்திரத்திலேயே மிகப் பெரியது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு வந்தன. சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 25 லட்ச ரூபாய். அந்தக் காலத்து 25 லட்சம்!

இந்தப் பணத்தைக் கண்டதும் பலருக்கு ஆசை பிறந்தது. ஒரு கம்பெனி 1906-ல் இலங்கைப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் மறுபடி வெறிச்சோடிப் போயின. கம்பெனி கலைந்தது. கடலைக் குத்தகை எடுக்கலாம். முத்தைக் குத்தகை எடுக்க முடியாது என்பதை உலகம் தெரிந்துகொண்டது.

புழுவிலிருந்து முத்தா?

சிப்பிக்குள் முத்து எப்படி உண்டாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள்.

ஹெர்ட்மனும் ஹார்னெலும் சிப்பிகளை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். சிப்பியின் சதைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் நாடாப்புழுவின் குஞ்சு. புழு உள்ளே புகுந்ததும் சிப்பி அதைச் சுற்றிப் பளபளப்பான பொருளைச் சுரந்து மூடிவிடுகிறது; அதுதான் முத்து என்று அவர்கள் கருதினார்கள்.

அந்தப் புழு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் மீன்கள் வருகின்றன. கிளாத்தி மீனுக்குக் கெட்டியான பல் உண்டு. சிப்பியை உடைத்துத் தின்னும். கிளாத்தியைப் பெரிய திருக்கை தின்னும். திருக்கையின் குடலில் அந்தப் புழு வளர்ந்து முட்டை இடும். முட்டை கடலில் கலந்து மறுபடி சிப்பிக்கு வரும். ஆகவே சிப்பியைத் தின்னும் மீனே முத்துக்கும் காரணம் என்று ஆயிற்று. எதிரியை அழித்தால் முத்தும் இல்லாமல் போகும்!

பிற்காலத்து ஆராய்ச்சியில் இது முழு உண்மை ஆகவில்லை. புழு இல்லாமலும் முத்து உண்டாகும். சிப்பி ஓட்டை உண்டாக்கும் மெல்லிய தோலின் ஒரு துணுக்கு சதைக்குள் சேர்ந்தால் போதும். அது பையாக வளர்ந்து, அதற்குள்ளே முத்து திரளும். ஜப்பானியர் இந்த இரகசியத்தைக் கண்டுபிடித்து, முத்தை வயலில் பயிர் செய்வது போலச் செய்யத் தொடங்கினார்கள்.

ஹார்னெலின் கருத்து திருத்தப்பட்டது. ஆனாலும் சிப்பி, மீன், புழு மூன்றும் ஒரே சங்கிலி என்று காட்டியது வீண் போகவில்லை. கடலில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் என்ற பாடம் அதில் இருந்தது.

தூத்துக்குடிக்கு வந்தார்

சென்னை மாகாணத்தில் அப்போது மீன்துறை புதிதாகப் பிறந்திருந்தது. சர் பிரெடெரிக் நிக்கல்சன் என்பவர் அதற்குத் தலைவர். மீனவர் வாழ்வு உயர வேண்டும், மீனைக் கெடாமல் காக்க வேண்டும் என்று பாடுபட்டவர். அவருடைய துறையில் 1908-ல் ஹார்னெல் சேர்ந்தார். முத்து, சங்கு ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. தூத்துக்குடி அவருடைய ஊராயிற்று.

அந்த 1908-ம் ஆண்டைத் தமிழ் மக்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்ட ஆண்டு அது. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குத்தான் வெள்ளைச் சர்க்காரின் உத்தியோகஸ்தராக ஹார்னெல் வந்தார்.

அவர் சர்க்காரின் ஆள் என்பதில் சந்தேகமில்லை. முத்தும் சங்கும் சர்க்காரின் சொத்தாகவே கருதப்பட்டன. முத்துக்குளிப்பில் எடுக்கும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்குதான் குளிகாரர் பக்கத்துக்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறவருக்குச் சிறிய பங்கு. கரையில் இருக்கும் சர்க்காருக்குப் பெரிய பங்கு. இந்த வருமானத்தைக் காப்பதும் பெருக்குவதுமே ஹார்னெலின் உத்தியோகம்.

16 ஆண்டு காத்திருந்தார்

முத்துக்குளிப்பு நடத்துவது அவ்வளவு எளிதல்ல. முதலில் பார்களைச் சோதிக்க வேண்டும். தோணியில் குளிகாரர்களை அழைத்துப் போவார்கள். இடத்துக்கு இடம் அவர்களை மூழ்கச் செய்து, ஒவ்வொரு மூழ்கலிலும் எத்தனை சிப்பி கிடைக்கிறது என்று எண்ணுவார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து அழுகவைத்துக் கழுவி முத்தைப் பிரிப்பார்கள். அந்த முத்துக்கு விலை மதிப்பார்கள். விலை தேறினால்தான் முத்துக்குளிப்புக்கு அறிவிப்பு.

காலமும் பார்க்க வேண்டும். இளம் சிப்பியில் முத்து சிறுத்திருக்கும். நாலைந்து வயதுச் சிப்பிதான் எடுக்கத் தக்கது. இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் சிப்பி செத்துவிடும். முத்தும் கடலோடு போய்விடும்.

அதற்குள் ஆபத்துகள் எத்தனை! நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும். சூரன் என்ற சிறு சிப்பி இனம் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, முத்துச்சிப்பியை மூச்சுத் திணறச் செய்யும். நட்சத்திர மீன் தின்னும். நத்தை துளை போடும். கிளாத்தி உடைக்கும். திருக்கை கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

1908-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு தூத்துக்குடிப் பார்கள் மலடாகிவிட்டன. பாக் நீரிணைப் பக்கம் சிறு அளவில் கிடைத்ததைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஹார்னெல் ஆண்டுதோறும் பார்களைச் சோதித்தார். ஆண்டுதோறும் ஏமாற்றம். 1924-ல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1926-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது! 1927-லும் நடந்தது, 1928-லும் நடந்தது. 16 ஆண்டு காத்திருந்தவர் ஊரைவிட்டுப் போன பிறகுதான் கடல் கதவைத் திறந்தது.

முத்து ஒன்றையே நம்பி இருந்தால் ஹார்னெலின் வாழ்க்கை தோல்வி என்றே முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை. முத்து இல்லாத அந்த ஆண்டுகளில் அவர் வேறொரு செல்வத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

குளிகாரரின் படிப்பு

தூத்துக்குடிக் கரைப் பரதவர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தவர்கள். கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளிகாரர்களும் பேர் பெற்றவர்கள். காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு கடலுக்குள் இறங்குவார்கள். ஒரு நிமிஷ நேரம் மூச்சை அடக்கி, கிடைத்த சிப்பிகளைப் பையில் வாரிப் போடுவார்கள். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். 10 மீட்டர் முதல் 20 மீட்டர் வரை ஆழம். மூச்சுக்குக் குழாயும் இல்லை, கவசமும் இல்லை.

எந்தப் பார் எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் நீர் தெளியும், எந்தக் காற்றில் தோணி விடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரிக்கும் "கடல்கட்டி" என்ற ஆள் இல்லாமல் அந்தக் காலத்தில் குளிகாரர்கள் கடலில் இறங்க மாட்டார்கள்.

ஹார்னெல் இவை எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தார். பரதவரின் சாதித் தலைவருக்கு முத்துக்குளிப்பில் இருந்த உரிமை, டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இருந்த காலத்துப் பழக்கம், குளிகாரரின் முறை ஆகியவற்றைத் தொகுத்தார். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை முத்துக்குளிப்பு பற்றிய அவருடைய பெரிய நூல் 1922-ல் வெளிவந்தது. முத்து கிடைக்காத காலத்தில் எழுதிய முத்துப் புத்தகம் அது.

சங்கு சொன்ன சரித்திரம்

முத்து ஏமாற்றினாலும் சங்கு ஏமாற்றவில்லை. தூத்துக்குடிக் கடலில் ஆண்டுதோறும் சங்கு எடுத்து வந்தார்கள். சிறிய சங்கைத் திருப்பிக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. எடுத்த சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போகும். டாக்கா நகரில் பெரிய பிறை வடிவ வாளால் அதை அறுத்து வளையல் செய்வார்கள். வங்காளத்துச் சுமங்கலிப் பெண்களின் கையில் ஏறும் வளையல் தூத்துக்குடிக் கடலில் பிறந்தது!

ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சங்கின் பிறப்பு, வளர்ப்பு, வாணிகம், கோயில் வழிபாடு, கோடியில் ஒன்றாகக் கிடைக்கும் வலம்புரியின் பெருமை எல்லாம் அதில் உண்டு.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடந்தன. வழிப்போக்கருக்கு அது குப்பை. ஹார்னெல் அந்தத் துண்டுகளை எடுத்து வாளால் அறுத்த அடையாளத்தைப் பார்த்தார். பழங்காலத்தில் பாண்டிய நாட்டிலேயே வளையல் அறுக்கும் தொழில் நடந்திருக்கிறது என்று எழுதினார். மதுரைக்காஞ்சியில் சங்கு அறுப்பவர்களைப் பற்றிய பேச்சு வருவது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஏட்டில் இருந்ததற்கு மண்ணும் சாட்சி சொல்லியது.

இரை இல்லாத தூண்டில்

பிற்காலத்தில் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறைக்கே இயக்குநர் ஆனார். கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டும் அவர் பார்வையில் வந்தன. மேற்குக் கரையின் சாளை மீன் சில ஆண்டுகளில் குவிவதும் சில ஆண்டுகளில் மறைவதும் ஏன் என்று ராமசாமி நாயுடு என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

அதோடு, மீனவரின் கருவிகளைப் பற்றியும் எழுதினார். கரைவலை, மடிவலை, பலவகைத் தூண்டில், பொறிக்கூடு என்று எதையும் விடவில்லை. எந்த மீனுக்கு எந்த வலை, எந்தப் பருவத்தில், எத்தனை ஆள், எப்படிப் பங்கு என்று விவரமாக எழுதினார். சென்னை மாகாணத்து மீன்பிடி முறைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை மீன்துறையின் வெளியீட்டில் அச்சாயிற்று. அந்தக் காலத்துப் படித்தவர்கள் வலையையும் தூண்டிலையும் பற்றி எழுதுவதைக் கௌரவமாக நினைக்கவில்லை. மீனவர்களோ எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் இருந்தார்கள். ஆகவே அந்த அறிவு அதுவரை ஏட்டில் ஏறாமலே இருந்தது.

பாக் நீரிணையில் பேய்க்கணவாய் பிடிக்கும் முறையை அவர் வியந்து எழுதினார். நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான ஐவிரல் சங்குகளைக் கட்டிக் கடலடியில் விட்டுவிடுவார்கள். முள்ளும் இல்லை, இரையும் இல்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடும் பேய்க்கணவாய், காலியான சங்கைக் கண்டதும் வீடு கிடைத்தது என்று உள்ளே புகுந்துகொள்ளும். பிறகு கயிற்றைத் தூக்க வேண்டியதுதான்!

இங்கிலாந்து ஆற்றங்கரையில் இறகு கட்டிய முள்ளை வீசுகிற சீமானும், பாக் நீரிணையில் சங்குக் கயிறு விடுகிற மீனவரும் செய்வது ஒரே வித்தை. அந்த உயிரின் மனத்தை அறிந்து அதற்கு வலை விரிக்கிறார்கள். முன்னவருக்கு அது பொழுதுபோக்கு. பின்னவருக்கு அது சோறு.

தோணிகளையும் ஹார்னெல் விடவில்லை. கட்டுமரம், தோணி, வள்ளம், பக்கத்தில் மிதப்புக்கட்டை வைத்த படகு, காற்றில் சாயாமல் ஆள் ஏறி உட்காரும் பலகை வைத்த பாக் நீரிணைப் படகு என்று எல்லாவற்றையும் பார்த்தார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் ஒரு நூல் எழுதினார். நம் கடற்கரை மக்களுக்கும் பசிபிக் தீவு மக்களுக்கும் பழங்காலத்தில் உறவு இருந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இதை எல்லா அறிஞரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் போட்ட படமும் எடுத்த அளவும் இன்றும் பயன்படுகின்றன.

முத்துச்சிப்பியே தூண்டில்!

1924-ல் ஓய்வு பெற்றார் என்று பார்த்தோம். ஊருக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாரா? இல்லை. அறுபதை நெருங்கும் வயதில் "செயின்ட் ஜார்ஜ்" என்ற பாய்க்கப்பலில் விஞ்ஞானிகள் கூட்டத்தோடு பசிபிக் கடலுக்குப் புறப்பட்டார்.

பசிபிக் தீவுகளின் மக்கள் சூரை மீன் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய பழைய தூண்டில் எதனால் ஆனது தெரியுமா? முத்துச்சிப்பி ஓட்டினால்! அங்கே உள்ளது தட்டு அளவுக்கு வளரும் கருநிறச் சிப்பி இனம். அதன் ஓட்டைச் சிறு மீன் வடிவில் தேய்த்துக்கொள்வார்கள். எலும்பிலோ ஆமை ஓட்டிலோ செய்த முள்ளை அதில் கட்டுவார்கள். அடியிலே இறகு அல்லது மயிர்க் குஞ்சம் வைப்பார்கள். மூங்கில் கழியில் மாட்டி, ஓடும் படகின் பின்னால் நீர் மேலே இழுப்பார்கள். சிப்பி பளபளக்கும். குஞ்சம் துடிக்கும். சிறு மீன் ஓடுகிறது என்று எண்ணிச் சூரை பாயும். ஒரே வீச்சில் மீன் படகுக்குள்! முள்ளில் கொளுவி இல்லாததால் மீன் தானே கழன்று விழும். நொடியில் மறு வீச்சு.

நம் நாட்டு மினிக்காய்த் தீவிலும் சூரைக்குக் கொளுவி இல்லாத பளபளக்கும் முள்ளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே சிறு மீன்களை உயிரோடு கடலில் விட்டுச் சூரைக் கூட்டத்தை வரவழைக்கும் வழக்கம் கூடுதலாக உண்டு.

மன்னார் வளைகுடாவில் சிப்பியை உடைத்து முத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை ஒதுக்குவார்கள். பசிபிக் தீவுக்காரருக்கோ ஓடுதான் செல்வம். முத்து வயிற்றை நிரப்பாது, ஓடு நிரப்பும்.

பட்டம் விட்டு மீன் பிடிப்பவர்கள்

பசிபிக்கிலிருந்து திரும்பிய பிறகும் அவருக்கு ஓய்வு இல்லை. மொரீசியஸ், செஷல்ஸ், சியாரா லியோன், மால்டா, பாலஸ்தீனம், பிஜி முதலிய நாடுகளின் மீன்பிடிப்பைப் பற்றி ஆராய்ந்து அறிக்கைகள் கொடுத்தார். ஹாடன் என்ற அறிஞரோடு சேர்ந்து பசிபிக் தீவுப் படகுகளைப் பற்றி 3 தொகுதிகள் வெளியிட்டார். அவை 1936 முதல் 1938 வரை வெளிவந்தன. உலகத்துப் படகுகள் எல்லாவற்றையும் பற்றிய அவருடைய பெரு நூல் 1946-ல் அச்சானபோது அவருக்கு வயது 80-ஐ ஒட்டி இருந்தது. தூத்துக்குடிக் கரையில் தொடங்கிய படகு ஆராய்ச்சி உலகத்தைச் சுற்றி வந்து முடிந்தது.

1949-ல் ஹார்னெல் காலமானார்.

அவர் எழுதிவைத்திருந்த கடைசி நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1950-ல், கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. பல நாட்டு நீர்களில் மீன் பிடிக்கும் முறைகளே அதன் பொருள். நீர்க்காகத்தைப் பழக்கி மீன் பிடிப்பவர்கள், நீர்நாயைப் பழக்கி வலைக்குள் மீனை விரட்டுகிறவர்கள், தலையில் ஒட்டுவாய் உள்ள மீனைக் கயிற்றில் கட்டிவிட்டு ஆமை பிடிப்பவர்கள் என்று பல நாட்டு வித்தைகளை அந்த நூலில் காணலாம்.

அவற்றுள் ஒன்று பட்டத் தூண்டில். இந்தோனேசியத் தீவுகள் முதல் சாலமன் தீவுகள் வரை இது வழக்கம். காய்ந்த இலையில் பட்டம் செய்து படகிலிருந்து பறக்க விடுவார்கள். பட்டத்திலிருந்து ஒரு நூல் தொங்கும். நூலின் நுனியில் முள் இருக்காது. சிலந்தி வலையைத் திரட்டிய ஒரு குஞ்சம் மட்டும் இருக்கும். அது அலையின்மேல் பூச்சியைப் போலத் துள்ளித் துள்ளிப் போகும். முரல் மீன் அதைக் கடிக்கும். அதன் நெருக்கமான பற்கள் சிலந்தி நூலில் சிக்கிக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாது. ஈத் தூண்டிலுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு உண்டா?

முத்தும் போயிற்று; எழுத்து நின்றது

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை மறுபடி முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இயற்கை முத்துக்காகப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வேப்பலோடையில் சிப்பிக்குள் தோல் துணுக்கை வைத்து உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. ஹார்னெல் தேடிய இரகசியம் அவர் இருந்த கரையிலேயே கைக்கு வந்தது.

கடற்கரையும் மாறிவிட்டது. இயந்திரப் படகு வந்தது. நைலான் வலை வந்தது. கடலடியை வாரி இழுக்கும் மடி வந்தது. பெரிய துறைமுகம் எழுந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முப்பாட்டன் எந்த முள்ளில் எந்த மீனைப் பிடித்தான் என்று கேட்டால், இன்றைய இளைஞர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஹார்னெலின் எழுத்தைத்தான் புரட்ட வேண்டும். ஒரு வெள்ளைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் எழுதியது அது. ஆனால் அதில் உள்ள அறிவு அவருடையது அன்று. பெயர் தெரியாத ஆயிரம் குளிகாரரும், தூண்டில்காரரும், தோணி கட்டிய ஆசாரிகளும் கொடுத்த அறிவு. அவர்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்டதை எழுதி வைத்தார். அதுவே ஹார்னெல் செய்த பெரிய காரியம்.

இன்றும் தூத்துக்குடிக் கரையில் எழுபது, எண்பது வயதான மீனவர்கள் இருக்கிறார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் மீனின் குணத்தையும் கண்ட அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் இப்போது வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.